எல்லார் வீட்டிலும் ஒரே பெட்டி

(ஈப்போவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் கணினிக்காரன். இந்த ஊரில் கணினி பழுதுபார்த்துப் பிழைப்பவன், கணினியில் விளையாடியே வளர்ந்தவன். பதின்ம வயதில் பிடித்த அந்தப் பழக்கம் நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. அதனால் இன்றைய தலைப்பைப் பார்த்த நண்பர்கள் சிலர், “நீ போய் கன்சோலுக்குப் பரிந்து பேசுவதா?” என்று கேட்டார்கள். பேசத்தான் வந்திருக்கிறேன். சிறுவயதில் ‘டிவி கேம்’ என்று நாம் சொன்ன அந்தப் பெட்டியிடம் ஒரு நியாயம் இருக்கிறது. பால்மரத் தோட்டங்களை விட்டு வெளியேறி, தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த நியாயம் சட்டென்று புரியும். எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கணினிக்குரிய மரியாதையை முதலில் செய்துவிடுகிறேன். 1990களின் கடைசியில் ஈப்போவில் கடைவீடுகளின் மாடிகளில் இணைய மையங்கள் வரிசையாகத் திறந்தன. ‘சிசி’ என்போம். மணிக்கு இரண்டு, மூன்று வெள்ளி (ரிங்கிட்). பள்ளிச் சீருடையோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புத்தகப் பையில் ஒரு டீ-சட்டை எப்போதும் இருக்கும். அங்கேதான் கவுண்டர்-ஸ்ட்ரைக் பழகினோம். அதன் வரலாறு அழகானது. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டை எடுத்து, மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே மாற்றி எழுதி, 1999இல் இலவசமாக வெளியிட்டார்கள். வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்கு ரசிகர்கள் வரைந்த ஒரு களம்தான் டோட்டாவாக வளர்ந்தது. 2013இல் சியாட்டல் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் ஆரஞ்ச் என்ற மலேசிய அணி மூன்றாம் இடம் பிடித்தபோது, இங்கே நாங்கள் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தோம். விளையாட்டைப் பிரித்துப் பார்க்கவும், மாற்றவும், அதற்குள்ளிருந்து புதிதாக ஒன்றைப் படைக்கவும் இடம் கொடுப்பது கணினி. என் தொழிலையும் அப்படித்தான் கற்றேன். ஒரு விளையாட்டு ஓட மறுத்தால் டாஸ் கோப்புகளைத் திறந்து, 640 கிலோபைட் நினைவகத்தில் எதை வைப்பது, எதை நகர்த்துவது என்று தடவித் தடவிப் பார்த்த இரவுகள் எனக்குச் சோறு போட்டிருக்கின்றன.

இவ்வளவும் உண்மை. இதன் மறுபக்கமும் உண்மை.

அந்தக் காலத்தில் கணினி விளையாட்டு அட்டைப் பெட்டியில் வரும். அதன் பின்புறம் ஒரு பட்டியல் இருக்கும். இத்தனை மெகாஹெர்ட்ஸ், இத்தனை மெகாபைட் நினைவகம், இன்ன கிராபிக்ஸ் அட்டை. ‘குறைந்தபட்சத் தேவை’ என்று ஒரு வரிசை, ‘பரிந்துரை’ என்று இன்னொரு வரிசை. கடையில் நின்றுகொண்டே அந்த எழுத்தைப் படிப்போம். நம் வீட்டுக் கணினி முதல் வரிசையையே எட்டாது. 1996இல் வூடூ என்ற முப்பரிமாண அட்டை சந்தைக்கு வந்த பிறகு இந்த ஓட்டம் இன்னும் வேகமானது. ஆண்டுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஏற்ற மின்வழங்கி, அதைக் குளிர்விக்க விசிறி. 2000ஆம் ஆண்டை ஒட்டி, கணினி வாங்க ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். முதுமைக்காக வைத்திருந்த காசில் பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுத்த தந்தைமார்களை நான் அறிவேன். அப்படி வாங்கிய கணினி இரண்டு மூன்று ஆண்டுகளில் புது விளையாட்டுகளுக்குப் பழையதாகிவிடும்.

செம்மோர் பக்கத்திலிருந்து லாரி ஓட்டும் ஒருவர் 2021இல் என் கடைக்கு வந்தார். மகனின் கணினியை மேசைமேல் வைத்தார். “இதில் பையன் கேட்கிற கேம் ஓட என்ன செய்யணும் தம்பி?” என்றார். கிராபிக்ஸ் அட்டை மாற்ற வேண்டும். அந்த ஆண்டு மின்நாணயம் தோண்டுகிறவர்கள் உலகம் முழுக்க அட்டைகளை வாரிக்கொண்டு போனதில் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. விலையைச் சொன்னேன். அவர் தம் மாதச் சம்பளத்தைச் சொன்னார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

கணினி விளையாட்டில் பணம் ஆட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வசதியுள்ள வீட்டுப் பையனின் திரையில் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லாத வீட்டுப் பையனின் திரையில் அது திக்கித் திக்கி நகரும். இருவரும் ஒரே களத்தில் மோதினால் யார் முதலில் சுடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தோட்டத்துக்கு வருவோம்.

சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் வீடுகளைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடலாம். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே எழுத்தர்களான கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள். தண்ணீர்க் குழாயில், கக்கூசில், விளக்கு எரியும் நேரத்தில், எல்லாவற்றிலும் அந்த மேடும் பள்ளமும் இருந்தன. லயத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் வரும், இரவு பத்து மணிக்கெல்லாம் நின்றுவிடும். சமையல், வீட்டுப்பாடம், ஆர்டிஎம் தமிழ்ப்படம் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் அந்த லயத்துக்குள் மைக்ரோ ஜீனியஸ் வந்தது. இங்கே நாற்பதைக் கடந்தவர்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அது தைவானிலிருந்து வந்த பெட்டி. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல். அசலை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நகல்தான் வீடு தேடி வந்தது. என் சித்தப்பா போனஸ் வாங்கிய மாதம் சுங்கை சிப்புட் கடைத்தெருவிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். கிராணி வீட்டுப் பையனுக்கும் அதே கடையிலிருந்து ஒன்று வந்தது. அவன் வீட்டுத் தொலைக்காட்சி எங்களுடையதைவிடப் பெரியது. பெட்டி மட்டும் ஒன்றுதான். அவன் கேசட்டை நான் கடன் வாங்கினேன், என் கேசட்டை அவன் வாங்கினான். அவன் வீட்டு மாரியோ என் வீட்டு மாரியோவைவிட வேகமாக ஓடியதும் இல்லை, உயரமாகக் குதித்ததும் இல்லை. அந்தத் தோட்டத்தில் மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த பொருள் எது என்று கேட்டால், அந்தப் பெட்டியைத் தவிர எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

அதே பெட்டியில் ஓடிய கோன்ட்ரா விளையாட்டின் மூன்றாம் கட்டத்தை இங்கே எத்தனை பேர் தாண்டியிருப்பீர்கள்? அது அருவிக் கட்டம். இரண்டு பேர் சேர்ந்து பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். திரை மேலே மட்டும்தான் நகரும், கீழே இறங்காது. ஒருவன் அவசரப்பட்டு முன்னால் ஏறிவிட்டால் திரையும் அவனோடு ஏறிவிடும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். எதிரி சுட வேண்டிய அவசியமே இல்லை, அண்ணன்காரனின் அவசரமே தம்பியைக் கொன்றுவிடும். அதனால் நானும் அண்ணனும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு தாவுவோம். அவன் “இப்போ” என்றால்தான் நான் பொத்தானை அழுத்துவேன். நான் பின்தங்கினால் அவன் பாறையில் நின்று காத்திருப்பான். எங்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து யார் எப்போது தாவ வேண்டும் என்று கத்துவார்கள். வீட்டில் எங்கள் இருவருக்கும் அடிதடி இல்லாத நாள் கிடையாது. ஆனால் அந்த அருவியில் ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவன் போக முடியாது. கொனாமி நிறுவனத்தார் அந்தக் கட்டத்தை எந்த எண்ணத்தில் அமைத்தார்களோ, எங்கள் லயத்தில் அது அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைத்தது.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தொழில்காரனாகப் பின்னாளில் பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. ஃபேமிகாமை வடிவமைத்த குழுவின் தலைவர் மாசாயுகி உவெமுரா என்ற பொறியாளர். கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும், அதன் எட்டு உலகங்கள், அரண்மனைகள், இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல் நூறு மடங்கு இடம் பிடிக்கும். இட நெருக்கடியை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? அந்த விளையாட்டின் வானத்தில் மிதக்கும் மேகத்தைப் பாருங்கள்; பிறகு தரையில் நிற்கும் புதரைப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான். நான் எத்தனையோ மாலைகள் அதைப் பார்த்திருந்தும் கண்ணில் பட்டதே இல்லை.

இது வறுமையில் பிறந்த சாமர்த்தியம் மட்டும் அன்று. கருவி மாறாது என்ற உறுதியிலிருந்து வரும் கைத்திறன். தன் விளையாட்டு எந்தப் பெட்டியில் ஓடப்போகிறது என்பது அதைச் செய்பவருக்கு எள்ளளவும் ஐயமில்லாமல் தெரியும். கணினிக்கு எழுதுகிறவர் ஆயிரம் விதமான கருவிகளை மனத்தில் வைத்து எழுத வேண்டும். கன்சோலுக்கு எழுதுகிறவர் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் துருவிப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தது 2006 நவம்பரில். பொது வேலைக்கு 256 மெகாபைட், படத்துக்கு 256 மெகாபைட், ஆக 512தான் அதன் நினைவகம். ஏழு ஆண்டு கழித்து, 2013இல், அதே பெட்டியில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வந்தது, ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ வந்தது. அந்த ஆண்டு நான் கடையில் விற்ற மலிவுக் கணினிகளிலேயே அதைப்போல் பல மடங்கு நினைவகம் இருந்தது; அவற்றில் அந்தத் தரத்தை நினைத்தும் பார்க்க முடியாது. கருவியின் உரிமையாளர் ஏழு ஆண்டுகளாக அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள்தான் வளர்ந்திருந்தார்கள். கணினிக்காரனாகிய என் மனம் கன்சோல் பக்கம் முதன்முதலாகச் சாய்ந்தது இதை உணர்ந்த இடத்தில்தான்.

நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்றொருவர் இருந்தார். கண்ட்ரோலரில் இடது கட்டைவிரல் பதியும் சிலுவை வடிவப் பொத்தானை 1982இல் உருவாக்கியவர். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், நன்றாகப் பழகி விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புதுக் கோணத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989இல் வந்த கேம் பாய் அந்தக் கொள்கையின் பிள்ளை. வண்ணம் இல்லாத திரை, நான்கு பேட்டரிகள். வண்ணத்திரையோடு வந்த போட்டியாளர்களை அது விற்பனையில் வென்றது. விலையையும் பேட்டரிச் செலவையும் பார்க்கும் வீடுகளை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. இப்படி யோசிக்கும் பொறியாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரே பெட்டி என்றால் ஆட்டத்தில் என்ன ஆகும் என்பதற்கு லாகூரிலிருந்து ஒரு சாட்சி. டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் கொரியர்களையும் ஜப்பானியர்களையும் மிஞ்ச ஆளில்லை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் அர்ஸ்லான் ஆஷ் என்ற பாகிஸ்தான் இளைஞர் ஜப்பானில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டிக்குப் போய் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவையும் வென்றார். போட்டி மேடையில் எல்லாருக்கும் ஒரே பிளேஸ்டேஷன் 4. யார் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கருவியில் கூடுதல் குறைச்சல் இல்லை. மிச்சமிருப்பது இரண்டு கைகளும் ஒரு மூளையும். அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலும் டெக்கன் 7 பதக்கப் போட்டியாக இருந்தது.

நம் ஊரிலும் இது நடந்தது, கோப்பை இல்லாமல். பிளேஸ்டேஷன் 2 வந்த பிறகு புந்தோங்கிலும் சிலிபினிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடும் கடைகள் இருந்தன. வின்னிங் லெவன் கால்பந்துதான் அங்கே தெய்வம். தோற்றவன் எழுந்துவிட வேண்டும், அடுத்தவன் உட்கார வேண்டும். மலாய்க்காரப் பையனும் சீனப் பையனும் நம் பையனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். சிசியில் அப்படிக் கிடையாது; ஆளுக்கொரு திரை, காதை மூடிய ஒலிக்கருவி. நான் சிசியை நேசித்தவன். இருந்தாலும் தோற்ற ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது தனி அனுபவம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் வீட்டுக்குக் கன்சோல் வந்தது அக்கா பிள்ளைகளால். பள்ளி விடுமுறைக்கு வந்தவர்கள் நின்டெண்டோ சுவிட்ச்சைக் கொண்டுவந்து கூடத்துத் தொலைக்காட்சியில் மாட்டினார்கள். என் கணினி அறைக்குள் இருக்கிறது. நான் அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வேன், வீட்டில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கூடத்துக்கு ஏது கதவு? அம்மா காய் நறுக்கிக்கொண்டே பார்த்தார். அம்மாவுக்கு எழுபது வயது ஆகிவிட்டது. உளி பிடித்துப் பால்மரம் சீவிய கை. விரல் மூட்டுகள் இப்போது சரியாக மடங்குவதில்லை. சின்னவள் அவர் கையில் ஒரு கண்ட்ரோலரைத் திணித்து, “பாட்டி, நீங்க ஓட்டுங்க” என்றாள். மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் விளையாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாமல் விளையாட்டே பார்த்துக்கொள்ளும். இன்னொன்றை முடுக்கினால் வேகமும் தானாகவே வரும். ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் பழகிய ஆட்டக்காரனோடு ஒரே பந்தயத்தில் ஓடலாம். அம்மா பன்னிரண்டு வண்டிகளில் ஒன்பதாவதாக வந்தார். “இன்னொரு தரம் போடு” என்றார்.

அந்த விடுமுறை முடிவதற்குள் ‘வெண்பா’வையும் விளையாடினோம். கனடாவின் டொராண்டோ நகரில் அபி என்ற தமிழரின் தலைமையில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது; 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. தாயார் கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் இதற்குக் கிடைத்தன.

நான் இதை ஏற்கெனவே கணினியில் தனியாக விளையாடி முடித்திருந்தேன். நல்ல படைப்பு என்று நினைத்தேன், கண்கூடக் கலங்கியது. கூடத்தில் அதே விளையாட்டு வேறு மாதிரி ஆயிற்று. இட்லிச் சட்டியில் தட்டுகளை அடுக்கும் இடம் முதலிலேயே வரும். குறிப்பில் எழுத்து அழிந்துபோயிருக்கும். எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும் என்று யோசிக்க வேண்டும். பெரியவன் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சமையல்கட்டிலிருந்தே, “அப்படியே ஒன்னு மேல ஒன்னு வைக்காதடா, தட்டைத் திருப்பி வை, ஆவி போகணும்ல” என்றார். அவன் திருப்பி வைத்தான், சரியாக வந்தது. அதிலிருந்து கண்ட்ரோலர் பேரன் கையில், விளையாட்டு பாட்டி கையில். மகனுக்குத் தமிழ் புரியாமல் தாயின் பேச்சு திரையில் மங்கலாகத் தெரியும் கட்டத்தில் பெரியவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கோலாலம்பூரில் வளர்கிறவன். அன்றிரவு அம்மா அவனுக்குத் தோட்டத்துக் கதைகளைச் சொன்னார். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வடியும் மங்கு துடைப்பது, மழை பெய்தால் வேலை இல்லாமல் போகும் நாள். எனக்கே சொல்லாதவற்றையெல்லாம் சொன்னார். என் அறையில் சாத்திய கதவுக்குப் பின்னால் இது நடந்திருக்காது.

பெற்றோர்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். செலவைச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5க்கான புது விளையாட்டு இருநூறு வெள்ளிக்கு மேல்தான். இணையத்தில் மற்றவர்களோடு விளையாடச் சந்தா தனி. இது சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் வட்டில் வரும் விளையாட்டை நண்பருக்குக் கடன் கொடுக்கலாம், விற்கலாம், பழையதை வாங்கலாம். பயன்படுத்திய பிளேஸ்டேஷன் 4 சில நூறு வெள்ளியில் கிடைக்கிறது. அதற்கு நல்ல விளையாட்டுகள் ஆயுளுக்கும் போதுமான அளவு இருக்கின்றன. வட்டுச் செருகி இல்லாத பெட்டிகளையும் விற்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள் என்பது என் முடிவான கருத்து. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. கடையை மூடினால் அதில் புதிதாக எதையும் வாங்க முடியாது. உங்கள் அலமாரியில் இருக்கும் வட்டை யாராலும் மூட முடியாது. கூடுதல் திறனோடு விலை கூடிய ‘புரோ’ வகைப் பெட்டிகள் வந்து அந்தப் பழைய சமத்துவத்தைக் கொஞ்சம் கலைப்பதையும் நான் கவனிக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எந்த விளையாட்டும் சாதாரணப் பெட்டியில் ஒழுங்காக ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் இருக்கிறது.

பிள்ளை அடிமையாகிவிடுவானே என்பது அடுத்த கவலை. விளையாட்டுப் பழக்கம் நோயாக முற்றக்கூடும் என்பதை உலகச் சுகாதார நிறுவனமே 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தக் கவலையை நான் முழுதாக மதிக்கிறேன். ஆகவேதான் கூடத்துப் பெட்டியைச் சொல்கிறேன். போர்வைக்குள் கைப்பேசியில் என்ன ஓடுகிறது, அதில் எத்தனை வெள்ளி கரைகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கூடத்தில் ஓடுவது எல்லார் கண்ணிலும் படும், நேரம் ஆனால் சொல்லி நிறுத்தலாம். அட்டையில் 18 என்று போட்டிருந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். நான் முன்பு சொன்ன இரண்டு 2013ஆம் ஆண்டு விளையாட்டுகளும் பெரியவர்களுக்கானவை.

விளையாடிக்கொண்டே இருந்தால் பிள்ளை என்ன ஆவான் என்று ஓர் ஆசிரியர் மண்டபத்துக்குள் வரும்போது கேட்டார். ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டஸி 15 விளையாட்டில் பணியாற்றிய வான் ஹஸ்மர் என்ற மலேசியர், நாடு திரும்பி மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ 2020இல் கன்சோல்களில் வந்தது. 2022இல் பேஷன் ரிபப்ளிக் என்ற மலேசிய நிறுவனம் ‘கிகாபேஷ்’ செய்தது. நான்கு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பெரும்பூதங்களாக மோதிக்கொள்ளலாம். சோனியின் ஸ்டூடியோவும் லாரியன் நிறுவனத்தின் கிளையும் கோலாலம்பூரில் இருக்கின்றன. ஈப்போவிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தூரம். அங்கே போகிற பிள்ளைக்கு நிரல் எழுதவும் படம் வரையவும் கணினி வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்தக் கட்டம் மனிதர்களைச் சிரிக்க வைக்கிறது, எங்கே பாட்டி கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறார், எங்கே தம்பி அழுகிறான் என்பதை அறிய ஆட்கள் நிறைந்த கூடம் வேண்டும். இரண்டும் கிடைத்த பிள்ளை நல்ல விளையாட்டைச் செய்வான், செய்வாள்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தாமான்களில் பொது மண்டபங்கள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் முன்னாள் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு மண்டபத்துக்குப் பயன்படுத்திய பெட்டி ஒன்று, கண்ட்ரோலர் நான்கு, பொறுப்பாக ஒரு பெரியவர், வாரத்தில் ஒரு மாலை. இவ்வளவு போதும். பழுதுபார்க்கும் வேலையை நான் இலவசமாகச் செய்து தருகிறேன். இரண்டாவது வேண்டுகோள் வீட்டில் ஏற்கெனவே கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு. பிள்ளை அடுத்த விளையாட்டைக் கேட்கும்போது, அந்தப் பணத்தில் முதலில் இரண்டாவது கண்ட்ரோலரை வாங்குங்கள். வாங்கிக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.